ஆலையடியில் ஏழைக்கு வீடு

மும்பை மாநகரில் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்காதா என்று ஏங்கும் ஜனங்கள் லட்சக்கணக்கானவர் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஒரு சிற்றறைக்காக ஆயுட்காலச் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கொடுக்கச் சித்தமாயிருப்போர் நிறைந்த நகரம் அது. அத்தகைய நகரத்திலே, கட்டி முடிந்து கதவும் ஜன்னலும் பொருத்திய ஆயிரக்கணக்கான வீடுகள் குடியேற ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன என்று சொன்னால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆயினும் அது உண்மை. செம்பூரை அடுத்த மாஹுல் என்ற இடத்தில் அவ்வாறு கிடந்த வீடுகளில் 9,000-க்கு மேற்பட்டவற்றை, வீடு ஒன்றுக்கு ரூ.12.60 லட்சம் வீதம், தன் கீழ்நிலைச் சிப்பந்திகளுக்கு விற்பதாக அந்நகரத்து முனிசிபல் கார்ப்பொரேஷன் 2025-ம் வருஷத்தில் அறிவித்தது. மும்பையின் நிலவரத்தில் இது மிக மலிவான விலை. எனினும் முதலில் வந்து சேர்ந்த விண்ணப்பங்கள் சில நூறுக்கு மேற்படவில்லை, கெடுவை நீட்டும்படியாயிற்று.

வீடில்லாதவனும் வேண்டாமென்று ஒதுங்கும்படி அவ்வீடுகளுக்கு என்ன குறை நேர்ந்தது? அவை நிற்கும் இடமே குறை. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், ரஸாயனத் தொட்டிகளுக்கும், உர ஆலைக்கும், மின்சார நிலையத்துக்கும் பக்கத்தில் அவற்றைக் கட்டினார்கள். ஏழைக்கு வீடு கொடுத்தோம் என்று கணக்கெழுதிக்கொண்டார்கள். அவன் சுவாசிக்கும் காற்றைப் பற்றி யாரும் கணக்கெழுதவில்லை. தேசமெங்கும் நகரங்கள் ஆலைகளை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், மாஹுல் கதையை ஒவ்வொரு நகரத்தாரும் தம் கதையாகவே பாவித்துப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அவ்விடத்தின் பூர்வ குடிகள் கோலி என்னும் மீனவ ஜனங்கள். டிராம்பே கரையோரத்துச் சேற்று நிலமும் கடலுமே அவர்களுக்கு ஜீவாதாரம். 1954, 1955-ம் வருஷங்களில் அந்நியக் கம்பெனிகள் இரண்டு அங்கே சுத்திகரிப்பு ஆலைகளை ஸ்தாபித்தன. பிற்பாடு அவை நமது சர்க்காருக்குச் சொந்தமாயின. அவற்றைத் தொடர்ந்து மின்சார நிலையமும், உர ஆலையும், திரவ ரஸாயனங்களைச் சேமிக்கும் பெருந்தொட்டிகளும் வந்தன. தேசத்துக்கு எண்ணெயும் உரமும் வேண்டும். ஆகவே ஆலைகள் வந்ததை நாம் குறை கூறவில்லை. ஜனநெருக்கமில்லாத ஒரு மூலையில் அவை அமைந்தது அக்காலத்து நிலைமைக்குப் பொருத்தமானதென்றே சொல்லலாம். பிழை அதற்குப் பின்னரே நேர்ந்தது. ஆலைகள் நின்ற இடத்தை நோக்கி, 72 கட்டடங்களில் சுமார் 17,000 வீடுகளை அதிகாரிகள் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதற்குக் காரணம் என்னவென்று விசாரித்தால் ஓர் உண்மை புலப்படும். மும்பையில் நீண்ட காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. பொதுக் காரியத்துக்காக வீடிழக்கும் ஏழைகளுக்குக் கட்டடக்காரர் வீடு கட்டிக் கொடுத்தால், அதற்கு ஈடாக அவருக்கு அதிகப்படியாகக் கட்டிக்கொள்ளும் உரிமை கிடைக்கும். அவ்வுரிமையை அவர் விலை உயர்ந்த பகுதியில் பயன்படுத்திக்கொள்ளலாம், அல்லது பிறருக்கு விற்கலாம். இவ்வேற்பாட்டில் கட்டடக்காரருக்கு எது லாபம்? நிலம் எங்கே மலிவோ அங்கே ஏழையின் வீட்டைக் கட்டுவதே லாபம். நிலம் எங்கே மலிவு? பிறர் வசிக்க விரும்பாத இடத்தில்தான் மலிவு. ஆகவே, யாரும் கெட்ட எண்ணத்துடன் சதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு தானாகவே ஏழையை ஆலையின் மதிற்சுவர் வரையில் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, ஏழையின் ஆரோக்கியத்தைச் செலவிட்டு நகரம் தன் தர்மக் கணக்கைப் பூர்த்தி செய்துகொள்கிறது.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று சமாதானம் சொல்லவும் இடமில்லை. எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. மும்பையின் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியர்கள் 2013-ம் வருஷத்தில் மாஹுல் பகுதி ஜனங்களை விசாரித்தார்கள். மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத் திணறுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 67.1 பேர், கண் எரிச்சல் உண்டென்றவர்கள் 86.6 பேர், தொண்டை அடைப்பதாகச் சொன்னவர்கள் 84.5 பேர். மாஹுல், அம்பாபாடா கிராமத்தார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காடினர். அங்குள்ள காற்றினால் ஜனங்களின் தேகாரோக்கியத்துக்கு அபாயம் உண்டென்று அத்தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தீர்மானித்தது. அக்கம்பக்கத்தார் சொல்லியாயிற்று, வைத்தியர் சொல்லியாயிற்று, நியாயாதிபதிகளும் சொல்லியாயிற்று. இவ்வளவுக்கும் பின்னர், 2017-ம் வருஷத்தில், ஆயிரக்கணக்கான குடும்பங்களை அதே இடத்துக்கு லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள்.

அக்குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். தான்ஸா ஏரியிலிருந்து மும்பைக்குக் குடிநீர் கொண்டுவரும் பெருங்குழாயின் இருபுறமும் குடிசை போட்டிருந்தவர்கள் அவர்கள். குழாய்க்கு ஆபத்து நேரக்கூடும், நகரத்தின் குடிநீருக்குப் பந்தோபஸ்து வேண்டும் என்பதற்காகக் குடிசைகள் அகற்றப்பட்டன. குடிநீரைக் காப்பது அவசியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் மனிதன் இருப்பதை ஆபத்தென்று கண்டுகொண்ட அதே அதிகாரிகளுக்கு, பெட்ரோல் தொட்டிக்கு அருகில் மனிதன் இருப்பது ஆபத்தாகத் தோன்றவில்லையே! குழாய்க்கு மனிதனால் வரும் ஆபத்தைக் கவனித்தார்கள். மனிதனுக்கு ஆலையால் வரும் ஆபத்தைக் கவனிக்க மறந்தார்கள். இது எவ்வளவு விபரீதமான நியாயம்!

அதன் பிறகு நடந்தவை பிரசித்தம். குடியேற்றப்பட்டவர்கள், அவர்களில் முக்கியமாகப் பெண்கள், வித்யாவிஹாரில் தெருவோரத்தில் அமர்ந்து மாதக்கணக்கில் கிளர்ச்சி செய்தார்கள். 2018 ஆகஸ்டு 8-ம் தேதியன்று அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் வெடி விபத்து நேர்ந்து 40 பேருக்கு மேல் காயமுற்றனர். மாஹுல் வசிப்பதற்குத் தகுதியற்ற இடம் என்று பம்பாய் ஐ.ஐ.டி. நிபுணர்களின் அறிக்கையும் கூறிற்று. பழைய பெயரையே இன்றும் தாங்கி நிற்கும் பம்பாய் ஹைகோர்ட்டார், அங்கே வசிக்கும்படி யாரையும் நிர்ப்பந்திக்கலாகாதென்றும், வேறிடம் கொடுக்க இயலாவிட்டால் குடும்பம் ஒன்றுக்கு மாதம் ரூ.15,000 வாடகைக்காகக் கொடுக்க வேண்டுமென்றும் 2019-ம் வருஷத்தில் உத்தரவிட்டனர். நல்ல காற்று உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்பதே இவ்வுத்தரவின் தாத்பரியம். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கிலேயே, ஜீவனோபாயமும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டார் 1985-ல் கூறியிருக்கிறார்கள். 1991-ல் மற்றொரு வழக்கில், மாசில்லாத நீரையும் காற்றையும் அவ்வுரிமையில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஏழைக்குப் பிழைப்புக்கு அருகில் இடமும் வேண்டும். அந்த இடத்தில் நல்ல காற்றும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பது அரைத் தர்மமும் ஆகாது.

இவ்வளவு தீர்ப்புகளுக்கும் பிறகு, ஏழைகள் விட்டு வெளியேறிய வீடுகளையே கார்ப்பொரேஷன் தன் சிப்பந்திகளுக்கு விலைக்குக் கொடுக்க முன்வந்தது. நிர்ப்பந்தமில்லை, விருப்பமுள்ளவர் வாங்கலாம் என்பது அதிகாரிகளின் வாதம். வேறு வீடு வாங்க வகையற்றவனிடம் விருப்பம் என்ற சொல்லை உபயோகிப்பது பொருந்துமா? நகரத்தின் குப்பையை வாரித் தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்பவர்களும் இத்தகைய கீழ்நிலைச் சிப்பந்திகளே. மேல் நிலை அதிகாரிகள் தங்கள் குடும்பத்தாருடன் அங்கே ஆறு மாதம் வசித்துக் காட்டியிருந்தால், விளம்பரம் செய்யாமலே விண்ணப்பங்கள் குவிந்திருக்கும்.

இனி, ஆலைகளுக்கு அருகில் வீட்டுத் திட்டங்கள் வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் எழுப்பும் ஆக்ஷேபணைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். இவ்வாக்ஷேபணைகள் இருவகைப்படும். இங்கே காற்று கெட்டிருக்கிறது, இந்த ஆலையில் என்ன சரக்கு இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது, விபத்து நேர்ந்தால் ஓடுவதற்குப் பாதை ஒன்றுதான் இருக்கிறது, இருக்கிற ஜனங்களுக்கே ஆபத்தாயிருக்க இன்னும் பல்லாயிரம் பேரைக் கொண்டுவருவதா என்று கேட்பது ஒருவகை. ஏழைகள் வந்தால் எங்கள் பேட்டையின் அந்தஸ்து குறையும், மனை விலை இறங்கும், திருட்டு மலியும் என்று கூறுவது மற்றொருவகை. முதல்வகை ஆக்ஷேபணையை வாய்ப்பேச்சாகத் தள்ளாமல் அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பல வருஷம் அந்தக் காற்றைச் சுவாசித்தவனைக் காட்டிலும் மேலான சாட்சி யார்? இரண்டாம்வகை ஆக்ஷேபணைக்கு நமது பத்திரிகையில் இடமில்லை. ஏழை அண்டை வீட்டுக்காரனாக வருவதை ஆக்ஷேபிப்பவர்கள் சுதந்திர தேசத்தின் பிரஜைகள் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டும்.

ஆனால் விநோதம் என்னவென்றால், அனுபவத்தில் இவ்விரண்டையும் அதிகாரிகள் மாற்றியே நடத்துகிறார்கள். வசதி படைத்த பேட்டையார் அந்தஸ்தின் பெயரால் ஏழைகளின் வீட்டை எதிர்த்தால் திட்டம் சத்தமில்லாமல் இடம் மாறிவிடுகிறது. மீனவக் கிராமத்தார் காற்றின் பெயரால் முறையிட்டால் கோப்பு உறங்கிவிடுகிறது. கடைசியில் ஏழையின் வீடு, எதிர்க்க வலுவில்லாதவர்களின் பக்கத்திலே போய்ச் சேருகிறது. தேச ஊழியர்கள் இவ்விஷயத்தில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஆக்ஷேபணைக் கூட்டத்தில் பேசுவதற்கு முன், நாம் எதிர்ப்பது ஆபத்தையா, அல்லது ஆளையா என்று தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்வது அவர்கள் கடமை.

ஆபத்து கற்பனையானதென்று நினைப்பவர்கள் போபாலை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். அந்நகரத்துப் பூச்சிமருந்து ஆலையிலிருந்து 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு சுமார் 40 டன் விஷவாயு வெளிப்பட்டது. உடனடியாக மாண்டவர் 2,000-க்கு மேற்பட்டவர் என்று சர்க்கார் கணக்கே கூறியது. பின்னர் பல வருஷங்களாக மாண்டவரையும் நோயுற்றவரையும் சேர்த்தால் எண்ணிக்கை பன்மடங்காகும். முதலில் மடிந்தவர்கள் யார்? ஆலைக்கு எதிரிலேயே சாலையோரத்தில் குடிசை போட்டிருந்தவர்கள். ஊறு விளைக்கும் தொழில்களை நகரத்துக்கு அப்பால் மாற்ற வேண்டும் என்று 1975-ம் வருஷத்து நகர அபிவிருத்தித் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள், மாற்றவில்லை. விபத்து நேர்ந்த அதே 1984-ல், சில மாதங்களுக்கு முன்பு, குடிசைவாசிகளுக்கு இருந்த இடத்திலேயே பட்டா வழங்கினார்கள். பட்டா கொடுத்தது நல்லெண்ணத்தினால் என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் கொடுக்கும் பட்டாவினால் ஏழைக்கு என்ன பயன்? அவன் அதை நம்பி அங்கேயே இருந்தான், அங்கேயே இறந்தான்.

35 வருஷங்களுக்குச் சற்று மேல் கழித்து, 2020 மே 7-ம் தேதி விடியற்காலையில், விசாகப்பட்டினத்தில் இதே பாடம் மறுபடி நடத்தப்பட்டது. அங்கே பிளாஸ்டிக் சரக்குகள் செய்யும் ஆலை ஒன்றின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி பரவி, உறக்கத்திலிருந்த 12 பேர் உயிரிழந்தனர்; நூற்றுக்கணக்கானவர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். அவ்வாலை 1961-ல் ஸ்தாபிக்கப்பட்டபோது சுற்றிலும் இவ்வளவு வீடுகள் இல்லை. நகரம் வளர்ந்து வளர்ந்து ஆலையின் சுவரைத் தொட்டது. தொட்டபோது தடுத்து நிறுத்தியவர் யாருமில்லை.

ஏன் இல்லை? சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையை இங்கே சுட்டிக்காட்ட வேண்டியது நமது கடமையாகிறது. போபாலுக்குப் பின்னர், 1987-ம் வருஷத்தில் பாக்டரிகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலை ஒன்றைப் புதிதாய் ஸ்தாபிக்கவோ விஸ்தரிக்கவோ வேண்டுமானால், அதன் இடத்தைப் பரிசீலிக்க ஒரு கமிட்டியை நியமிக்க அத்திருத்தம் வழி செய்தது. நல்லதுதான். ஆனால் ஆலை வீட்டை நோக்கி வரும்போது கேட்கப்படும் இக்கேள்வி, வீடு ஆலையை நோக்கிப் போகும்போது கேட்கப்படுவதில்லை. மேலும், சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய 2006-ம் வருஷத்து அறிவிப்பின்படி பெரிய ஆலைகள் பலவற்றுக்கு ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் பகிரங்க விசாரணை உண்டு. கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் பொதுவாக அவ்விசாரணையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். விஸ்தீரணம் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் அனுமதி வாங்க வேண்டும்; ஜனங்களைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை! இடையில் உள்ள தூரம் ஒன்றே. அது குறைவது ஆலை நகர்ந்ததனாலா, வீடு நகர்ந்ததனாலா என்று விஷவாயு விசாரித்துக்கொண்டிருக்கப்போவதில்லை.

மற்றத் தேசத்தார் இவ்விஷயத்தில் அனுபவப்பட்டுத் திருந்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்ற இடத்து ரஸாயன ஆலை 1974-ல் வெடித்து 28 பேர் மாண்டனர். இன்று பிரிட்டனில் அபாய ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வெல்லைக்குள் வீடு கட்ட அனுமதி கோரப்பட்டால், ஸ்தல ஸ்தாபனத்தார் தொழிற்பாதுகாப்பு இலாகாவின் யோசனையைக் கேட்டே தீர வேண்டும். ஐரோப்பிய யூனியனில், ஆலைக்கும் குடியிருப்புக்கும் தகுந்த தூரம் விட்டே நிலத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 1996-ல் விதி செய்தனர். பிரான்சிலே துலூஸ் நகரத்து உர ஆலை 2001 செப்டம்பர் 21-ம் தேதி வெடித்துச் சுமார் 30 பேர் மாண்ட பின்னர், அபாய ஆலையைச் சுற்றிப் புது வீடுகளைத் தடுக்கவும், மிகவும் ஆபத்தான இடத்தில் உள்ள பழைய வீடுகளை விலை கொடுத்து வாங்கவும் 2003-ம் வருஷத்துச் சட்டம் வழி வகுத்தது. போபாலைக் கண்ட நம் தேசத்துக்கு இத்தகைய விதி முதலில் வந்திருக்க வேண்டும்.

நமக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் கவனிப்போம். நகரத்தில் நிலமே இல்லை, ஆலைக்கு அருகில் கட்டாவிட்டால் ஏழைக்கு வீடே இல்லை என்று சிலர் கூறுகிறார்கள். நகரின் நடுவே ஆடம்பர மாளிகைகளுக்கு நிலம் கிடைக்கிறது. ஏழைக்கு வரும்போது மட்டும் பூமி சுருங்கிவிடுகிறதா? தொழிலாளிக்கு ஆலை அருகில் வீடிருந்தால் போக்குவரத்துச் செலவு மிச்சம் என்று வேறு சிலர் வாதிக்கிறார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் மாஹுலுக்கு அனுப்பப்பட்டவர்கள் அங்குள்ள ஆலைகளில் வேலை செய்பவர்கள் அல்லர். தங்கள் பிழைப்பையும் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டு வெகுதூரம் தள்ளப்பட்டவர்கள். ஆலைத் தொழிலாளியே ஆனாலும், பகல் முழுதும் ஆலைக்குள் சுவாசித்த காற்றை இரவில் அவன் மனைவி மக்களும் சுவாசிக்க வேண்டுமென்று எந்தத் தர்மம் கூறுகிறது? புகையைக் குறைக்க நவீன யந்திரங்கள் வந்துவிட்டன, இனி பயமில்லை என்பது மூன்றாவது வாதம். அப்படியானால் முதலில் புகை குறையட்டும். பிறகு வீடு எழும்பட்டும். வீட்டை முதலில் கட்டிவிட்டு, புகை பிறகு குறையும் என்று வாக்குறுதி தருவது, பாலம் கட்டும் முன்னரே ரயிலை விடுவதற்கு ஒப்பாகும்.

இத்தனையும் மும்பைக்கும் போபாலுக்கும் உரியவை, நமக்கென்ன என்று சென்னைவாசிகள் இருந்துவிடலாகாது. வடசென்னையில் மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் நடைபெற்றுவருகிறது. உரம், பெட்ரோ ரஸாயனம் முதலிய ஆலைகள் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் 2009-ல் தேசத்துத் தொழிற்பகுதிகளை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிட்டபோது, 70-க்கு மேற்பட்டவற்றை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று வகுத்தனர். மணலிக்குக் கிடைத்த எண் 76.32. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம் வரை சென்றது, மீனவர்களின் படகிலும் வலையிலும் படிந்தது, வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் நடுநிசியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, மூச்சடைக்க, எந்தத் திசையில் ஓடுவதென்று தெரியாமல் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

எந்தத் திசையில் ஓடுவதென்று தெரியவில்லை என்ற இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்திலிருத்த வேண்டும். அபாயகரமான ரஸாயனங்களைக் கையாளும் ஆலைக்காரர், வெளியிலுள்ள ஜனங்களுக்கு ஆபத்தின் தன்மையையும் விபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. ஆலைக்கு வெளியே கையாள வேண்டிய அவசரத் திட்டத்தைத் தயாரிப்பதும் அவ்விதிகளின்படி அதிகாரிகளின் பொறுப்பு. விதி காகிதத்தில் இருக்கிறது. பெரியகுப்பத்துத் தாய்மார் காதுக்கு அது எட்டவில்லை. இருக்கும் குடிகளுக்கே வழி காட்டாத இடத்தில், புதிய மாடிக் குடியிருப்புகளை எழுப்பி மேலும் ஆயிரக்கணக்கானவரைக் கொண்டுவர எண்ணுவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவதாக, அபாய ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் வீடு கூடாதென்று சட்டத்திலேயே எல்லை குறிக்க வேண்டும். அவ்வெல்லையைப் படத்தில் வரைந்து, முனிசிபாலிடியிலும் பஞ்சாயத்திலும் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும். இரண்டாவதாக, அவ்வெல்லைக்கு அருகில் எழும் வீட்டுத் திட்டங்களுக்குப் பகிரங்க விசாரணை நடத்த வேண்டும். அக்கம்பக்கத்தாரும் குடியேறப் போகிறவர்களும் அதில் பேச வேண்டும். மூன்றாவதாக, ஆறு மாதமாவது அங்குள்ள காற்றையும் நீரையும் பரிசோதித்து, முடிவைப் பிரசுரித்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். நான்காவதாக, அவசரத் திட்டமும், வெளியேற இரண்டு பாதைகளும், எச்சரிக்கைச் சங்கும் இல்லாத வீட்டில் குடியேற்றக் கூடாது. இவையெல்லாம் இருக்கின்றனவென்று ஜில்லா கலெக்டர் தம் பெயரிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவதாக, ஏற்கெனவே ஆபத்தான இடத்தில் வசிப்பவர்களுக்கு, அவர்கள் விரும்பினால், பிழைப்புக்குத் தொலைவில்லாத மாற்றிடம் கொடுக்க வேண்டும். ஆபத்து என்ற பெயரால் மீனவர்களைக் கடலை விட்டுத் துரத்துவதற்கு இதை ஒரு சாக்காக்கலாகாது. பூர்வ குடிகள் இருக்கும் இடத்தில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியது ஆலையே.

இவற்றால் செலவு அதிகமாகும், காலதாமதம் ஏற்படும் என்பார்கள். ஏற்படட்டும். மாஹுலில் அவசரப்பட்டுக் கட்டியதன் பலன் என்ன? வழக்குச் செலவும், வாடகைச் செலவும், பூட்டிக் கிடந்த கட்டடங்களும்தான். அவற்றோடு திரும்பி வராத ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நல்ல இடத்தில் நிதானமாகக் கட்டியிருப்பதே சிக்கனம் என்பது விளங்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை.

முடிவாக, பேட்டைதோறும் ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பகுதியில் ஆலைக்கு அருகில் வீட்டுத் திட்டம் ஒன்று வருவதாகக் கேள்விப்பட்டால், அஸ்திவாரக் கல் நாட்டும் நாள் வரையில் காத்திராதீர்கள். பக்கத்து ஆலையில் என்ன சரக்கு, எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். யாருக்கு எப்போது மூச்சுத் திணறிற்று, எந்த இரவில் நாற்றம் வந்தது என்று தேதியிட்டுக் குறித்து வையுங்கள். மாஹுல் ஜனங்களின் அனுபவம் வைத்தியரின் கணக்காக எழுதப்பட்ட பிறகே அதற்கு மதிப்பு ஏற்பட்டது. அங்கே குடியேறப் போகும் ஏழைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களுக்கு எதிரிகள் அல்லர்; அதே காற்றைச் சுவாசிக்கப் போகும் உங்கள் அண்டை வீட்டார். ஏழைக்கு வீடு வேண்டும் என்று கேட்பவரும், இந்த இடத்தில் வேண்டாம் என்று கேட்பவரும் ஒரே மேடையில் நின்று, நல்ல இடத்தில் வீடு வேண்டும் என்று ஒரே குரலில் கேட்டால், அக்குரலை எந்தச் சர்க்காரும் நெடுநாள் அலட்சியம் செய்ய முடியாது. அதிகாரிகள் காலத்தில் விழித்துக்கொள்வார்களாக.